காரக் கருவாட்டுக்குள்ள ஒரு லைட்டு

காரப்பொடி கருவாடு சாப்பிட்டிருக்கீங்களா? கேட்டதுமே மூக்கைப் பொத்துற கோஷ்டி ஒண்ணு நம்ம கிளாஸ்லயே இருக்கு. அவங்களும் தயவுசெய்து இந்தப் பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிடாதீங்க. ஞாயித்துக்கிழமை காலைல திருப்பூர் தென்னம்பாளையம் மார்க்கெட்டுக்குப் போனா, நெத்திலி, வாளை, சென்னாகுனி எல்லாம் குவிச்சு வச்சிருக்கிற வரிசைல, ஓரமா ஒரு சாக்குல, உள்ளங்கை அகலம்கூட இல்லாம, தட்டையா, பழைய நாணயம் மாதிரி மங்கின வெள்ளியா ஒரு கருவாடு கிடக்கும். அதுதான் காரல். பொடிசா இருந்தா காரப்பொடி. கேரளாக்காரங்க முள்ளன்னு சொல்றாங்க. பேர்லயே தெரியுது பாருங்க, சதை கம்மி, முள்ளு ஜாஸ்தி.

எங்க வீட்ல அது வாரா வாரம் உண்டு. அம்மாவுக்கு ஊர் மண்டபம் பக்கம், ராமநாதபுரம் மாவட்டம். நான் பிறக்கிறதுக்கு முந்தின வருஷம் அப்பாவும் அம்மாவும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் வந்தாங்க. அப்பா நிட்டிங், அம்மா துணி செக்கிங். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை மார்க்கெட். வஞ்சிரம் எல்லாம் தலையைத் தடவிப் பார்த்துட்டு விலை கேட்காம நகர்ந்துடுவாங்க அம்மா. காரக் கருவாட்டுக்கு மட்டும் விலை பேசுவாங்க. பேசுறதுக்கு அதுல பெருசா ஒண்ணும் இல்லன்னாலும் பேசுவாங்க.

இந்த மீனைப் பத்தி எழுத நான் ஏன் கிளம்பினேன்னா, போன செமஸ்டர் ஒரு எலக்டிவ் பேப்பருக்கு செமினார் எடுக்கணும். நான் எடுத்த தலைப்பு உருமறைப்பு. ராணுவ வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடிக்கிற கதையை எல்லாரும் சொல்லிடுவாங்கன்னு, ஒளியை வச்சு மறையுறது எப்படின்னு தேடினேன். 1971-ல 'சயின்ஸ்' இதழ்ல ஹேஸ்டிங்ஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி எழுதின கட்டுரை கிடைச்சது. ஒளிஞ்சுக்கிறதுக்கு ஒளின்னு தலைப்பே ஒரு தினுசா இருந்தது. வயித்துப் பக்கம் வெளிச்சம் விட்டு, தன்னோட நிழலையே அழிச்சுக்கிற ஒரு சின்ன மீன். லத்தீன்ல லியோக்னாதஸ், இங்கிலீஷ்ல போனிஃபிஷ்.

ராத்திரி பாயில படுத்துக்கிட்டு போன்ல அதோட படத்தைப் பெருசு பண்ணிப் பார்த்துட்டு இருந்தேன். அம்மா பின்னாடி வந்து எட்டிப் பார்த்தாங்க.

“ஏண்டி, காரலைப் போயி போட்டோ புடிச்சு வச்சிருக்க?”

“இது போனிஃபிஷ்மா.”

“போணியா? காலைல முதல்ல விக்கிறதா?”

நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். பன்னிரண்டு வருஷம் பயாலஜி, சயின்ஸ்னு படிச்சதெல்லாம் ஒரு டப்பாவுல இருக்கு, அம்மா சமையல்கட்டு இன்னொரு டப்பாவுல இருக்கு. ரெண்டு டப்பாவுக்கும் மூடி வேற வேற. அன்னிக்கு ரெண்டும் ஒண்ணா திறந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் நான் செமினார் ஸ்லைடு எதையும் தொடல. காரலைத்தான் படிச்சேன்.

முதல்ல ஆள் யாருன்னு பாத்துடலாம். லியோக்னாதிடேங்கிற குடும்பத்துல சுமார் 50 வகை மீன் இருக்கு. செங்கடல்லேர்ந்து பசிபிக் தீவுகள் வரைக்கும் கரையை ஒட்டின ஆழமில்லாத கடல், முகத்துவாரம், உப்பங்கழி, இதுதான் இவங்க ஏரியா. அதுல ஒரு வகை சூயஸ் கால்வாய் வழியா நழுவி மத்தியதரைக் கடலுக்கே போய்க் குடியேறிடுச்சு. தமிழ்நாட்டுல பாக் நீரிணை, மன்னார் வளைகுடா ரெண்டு பக்கமும் காரல் கூட்டம் கூட்டமா உண்டு. சேறும் மணலுமான அடித்தளத்தை ஒட்டித்தான் கூட்டம் நகரும். பெரும்பாலும் ஒரு சாண் நீளத்துக்குள்ளதான் இருக்கும். உடம்பு ரெண்டு பக்கமும் அமுக்கின மாதிரி தட்டை. செதில் ரொம்ப நுணுக்கம், தொட்டா வழவழன்னு ஒரு கோழை கையில ஒட்டும். அம்மாச்சி அதைக் கழுவுறதுக்கு சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்களாம்.

வாய்தான் வேடிக்கை. மூடியிருக்கிறப்ப வாய் இருக்கிற இடமே தெரியாது. திறந்தா குழாய் மாதிரி முன்னாடி நீளும். லியோக்னாதஸ் வகைக்குக் குழாய் கீழ்நோக்கி வளையும், அடியில இருக்கிற புழு, பொடி இறால் வகையறாவை உறிஞ்சி எடுக்க வசதி. செக்யூட்டர்னு ஒரு வகைக்கு மேல்நோக்கி வளையும், அது தண்ணியில மிதக்கிற நுண்ணுயிரைப் பிடிக்கிறது. காஸான்னு மூணாவது ஒண்ணு. அதுக்கு நேரா நீளும், கோரைப்பல்லும் உண்டு, அது குட்டி மீனையே பிடிக்கும். ஒரே மாதிரி பாடி, வாய் திரும்புற திசையில மட்டும் மூணு மாடல். டிசைன் படிக்கிறவங்களுக்கு இது பிடிக்கும்னு நினைக்கிறேன். கருவாட்டுல இதைச் சோதிச்சுப் பார்க்கலாம். தண்ணில ஊறவச்சு, ஊசியை வச்சு மெதுவா வாயை இழுத்தா ஓரளவு நீளும். எங்க வீட்ல வாங்குற சாக்குல ரெண்டு மாடல் கலந்து கிடந்தது.

இனி விளக்கு. காரலோட தொண்டைக்குழாய் இரைப்பையில போய்ச் சேர்ற இடத்துல, குழாயைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு உறுப்பு இருக்கு. ஹார்ம்ஸ்ங்கிற ஜெர்மானியர் 1928-ல இதை விவரிச்சு எழுதினார், அப்புறம் ஜப்பான்ல ஹனேடா 1940-ல இந்தக் குடும்பத்து மீன்களோட ஒளியைப் பத்தி எழுதினார். மோதிரத்துக்குள்ள நுணுக்கமான குழல்கள், குழலுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா. ஒளி விடுறது மீன் இல்ல, இந்த பாக்டீரியாதான். மீன் இடமும் சாப்பாடும் ஆக்சிஜனும் குடுக்குது, பாக்டீரியா பகலும் ராத்திரியும் நீலப்பச்சையா எரிஞ்சுக்கிட்டே இருக்கு. சூடு கிடையாது. சுவிட்ச் ஆஃப் பண்ண முடியாத பல்பு. அதனால மீன் பல்பை விட்டுட்டு, பல்புக்கு முன்னாடி திரையை வச்சிருக்கு. சுருங்கி விரியுற தசைத்திரை. வெளிச்சம் வேணும்னா திறக்கும், வேண்டாம்னா மூடும்.

தொண்டைக்குள்ள எரியுற விளக்கு வயித்துக்கு வெளியே எப்படித் தெரியும்? இங்கதான் எனக்கு ஒரு வார்த்தை இடிச்சது. வெளிச்சம் முதல்ல மோதிரத்துலேர்ந்து கேஸ் பிளாடருக்குள்ள போகுதுன்னு பேப்பர் சொல்லுது. அகராதில பார்த்தா காற்றுப்பை, நீந்துபைன்னு என்னென்னவோ போட்டிருக்கு. அம்மாகிட்ட கையை வச்சு ஜாடை காட்டி, மீனுக்குள்ள பலூன் மாதிரி இருக்குமே, அது என்னன்னு கேட்டேன். “நெட்டியா?” ஒரு செகண்ட்ல வந்துச்சு பதில். கூரல் மீனோட நெட்டி பாம்பன்ல கிலோக் கணக்குல இல்ல, கிராம் கணக்குல விலை பேசுற சரக்கு, அதனால அந்தக் கரையில பச்சைக் குழந்தைக்கும் அந்த வார்த்தை தெரியும்னு ஒரு பாடமும் சேர்த்து எடுத்தாங்க.

சரி, நெட்டி. காரலோட நெட்டிக்கு உள்பூச்சு பளபளன்னு வெள்ளி மாதிரி இருக்கும், குவானின் படிகம். மோதிரத்துலேர்ந்து வர்ற வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பி, கீழ்ப்பக்கம் இறங்கும். வயித்துத் தசை பால் கண்ணாடி மாதிரி அரைகுறையா ஒளி ஊடுருவுறது. அதுக்குள்ள போகும்போது வெளிச்சம் சிதறி, ஒரு புள்ளியா இல்லாம வயிறு முழுக்கப் பரவும். இ.சி.இ. மக்களே, எல்.இ.டி. பேனல் லைட்டைப் பிரிச்சுப் பார்த்திருப்பீங்க. ஓரத்துல எல்.இ.டி., பின்னாடி பிரதிபலிக்கிற ஷீட், முன்னாடி சிதறடிக்கிற ஷீட். காரல் இதை அப்படியே கறியிலயும் காத்துலயும் செஞ்சு வச்சிருக்கு.

எதுக்காகன்னு புரிய நான் அம்மா கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. உண்மையில சாப்பாட்டு கேரியர் குடுக்கத்தான் போனேன். துணி செக்கிங் மெஷின் பார்க்காதவங்களுக்குச் சொல்லிடறேன். சாய்வா ஒரு பெரிய பால் கண்ணாடி, அதுக்கு அடியில டியூப்லைட். ரோல்லேர்ந்து துணி அந்தக் கண்ணாடி மேல ஓடிக்கிட்டே இருக்கும். ஓட்டை, ஊசிக்கோடு, நூல் விட்டுப்போன இடம் எல்லாம் பளிச்சுனு தெரியும், அம்மா ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டே போவாங்க. ஒன்றரை ஷிப்ட், காலைல எட்டரைலேர்ந்து ராத்திரி எட்டரை வரைக்கும், அதே வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். அன்னிக்கு அம்மா தலைக்கு மேல இருந்த டியூப்லைட் மட்டும் அணைஞ்சு கிடந்தது. கெட்டுப்போச்சான்னு கேட்டேன்.

“அணைச்சு வச்சிருக்கேன். மேல லைட்டு எரிஞ்சா ஓட்டை கண்ணுக்கு மாட்டாது.”

அதேதான். கீழேர்ந்து வர்ற வெளிச்சமும் மேலேர்ந்து துணி மேல விழுற வெளிச்சமும் ஒரே அளவா ஆச்சுன்னா, ஓட்டையும் துணியும் ஒரே பளபளப்பு, வித்தியாசம் காணாமப் போயிடும். வித்தியாசம் இல்லாத எதையும் கண்ணால பார்க்க முடியாது.

இப்ப இதைத் தலைகீழாக் கடல்ல வச்சுப் பாருங்க. அடி மணல்ல உடம்பைப் புதைச்சுக்கிட்டு, கண்ணை மட்டும் மேல வச்சுக் காத்திருக்கிற மீன்கள் உண்டு, தண்ணிப்பண்ணா மாதிரி. காரல்னா அதுக்கு உயிர். கீழேர்ந்து பார்க்கிற அதுக்கு மேல்பரப்பு வெளிச்சமான ஒரு துணி மாதிரி. அந்தத் துணியில குறுக்க போற காரல் ஒரு கறுப்புப் பொட்டு. பகல்ல சூரியன் இருக்கிற வரைக்கும் அந்தப் பொட்டுக்குத் தப்பிக்க வழி இல்ல. ஒண்ணே ஒண்ணைத் தவிர. மேலேர்ந்து எவ்வளவு வெளிச்சம் வருதோ அவ்வளவு வெளிச்சத்தைத் தன் வயித்துலேர்ந்து கீழே விடுறது. பொட்டு அழிஞ்சுடும். மேகம் வந்து வெளிச்சம் குறைஞ்சா திரையைக் கொஞ்சம் மூடணும், வெயில் அடிச்சா திறக்கணும். மேல வர்றதை அளந்து, கீழ விடுறதைச் சரிபண்ணிக்கிட்டே இருக்கணும். நம்ம கன்ட்ரோல் சிஸ்டம் பேப்பர்ல ஃபீட்பேக் லூப்னு ரெண்டு யூனிட் இருக்கே, அரியர் வச்சவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும், அது இந்த மீனுக்குள்ள ஓடுது.

1991-ல வந்த இன்னொரு ஆய்வு இதைக் கொஞ்சம் திருத்துச்சு. மக்ஃபால்-ங்காய், மோரின்னு ரெண்டு பேர் எழுதினது. கரையோரத் தண்ணி கலங்கல், அலை ஆட்டத்துல வெளிச்சம் ஒரே சீரா இறங்காது. அந்தத் தண்ணில முழுசா மறையுறதைவிட, உருவத்தைத் துண்டு துண்டா உடைச்சுக் காட்டுற மறைப்புதான் காரல் செய்யுறதுன்னு அவங்க வாதம். எனக்கு இது நம்பும்படியாத்தான் இருக்கு. பாக் நீரிணைத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குன்னு எங்க அம்மாச்சியே சொல்ல மாட்டாங்க.

இதே யோசனை மனுஷனுக்கும் தனியா வந்திருக்கு. இரண்டாம் உலகப் போர்ல அமெரிக்கக் கடற்படை யெஹூதி லைட்னு ஒரு ரகசிய ப்ராஜெக்ட் பண்ணுச்சு. 1943 வாக்குல. நீர்மூழ்கிக் கப்பலை நோக்கிப் பறக்கிற விமானம் வானத்துல கறுப்புப் புள்ளியா முன்கூட்டியே தெரிஞ்சுடுது, கப்பல் முங்கிடுது. அதனால விமானத்தோட முன்பக்கம் விளக்கு பொருத்தி, வானத்தோட பிரகாசத்துக்குச் சமமா எரிய விட்டாங்க. 12 மைல்ல தெரிஞ்சுக்கிட்டு இருந்த விமானம் சுமார் 2 மைல் வர்ற வரைக்கும் தெரியல. அப்புறம் ரேடார் நல்லா வளர்ந்துடுச்சு, ப்ராஜெக்டை மூட்டை கட்டிட்டாங்க. ஹேஸ்டிங்ஸ் கட்டுரை வர்றதுக்கு கால் நூற்றாண்டுக்கு மேல முன்னாடி நடந்த கதை இது. காரல் அப்பவும் பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கும்.

மறையுறதுக்கு மட்டும்தான்னு நினைச்சா அதுவும் இல்ல. பல வகைகள்ல ஆணோட விளக்கு பெண்ணோடதைவிட ரொம்பப் பெருசு. சிலதுல ஒரே அளவு உடம்புல நூறு மடங்கு வரைக்கும். ஆணோட விலாவுல வெளிச்சம் வெளிய வர்றதுக்குன்னு தெளிவான ஜன்னல் ஒண்ணு இருக்கும், அந்த ஜன்னலோட வடிவம் வகைக்கு வகை வேற. கூட்டத்துல பத்து வகை கலந்து கிடந்தாலும், யாரு நம்மாளுன்னு பெண்ணுக்குத் தெரிஞ்சுடும். எக்ஸ்போர்ட் பனியன்ல கழுத்து லேபிள் மாதிரின்னு வச்சுக்கோங்க. ஒரு பெரிய கூட்டமே ஒரே தாளத்துல விட்டு விட்டு மின்னுறதைப் பார்த்துப் பதிவு பண்ணின ஆய்வு 2002-ல வந்திருக்கு. ஒரே மோதிரம், ஒளிஞ்சுக்கவும் அதேதான், கூப்பிடவும் அதேதான்.

இப்ப மண்டபம். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947 பிப்ரவரியில தொடங்கினது மண்டபம் கேம்ப்லதான், தலைமையகம் கொச்சிக்கு மாறினது 1971-ல. அந்த நிலையத்துல எஸ். ஜோன்ஸ்னு ஒரு இயக்குநர் இருந்தார். அவர் பேரை ஒரு காரலுக்கு வச்சிருக்கார் பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ்ங்கிற விஞ்ஞானி. யூப்ளீக்கேரியா ஜோன்ஸி. இதைவிட எனக்குப் பிடிச்சது அடுத்த பேர். விளக்குக்குள்ள இருக்கிற பாக்டீரியாவுக்கு ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னாதின்னு 1967-ல பேர் வச்சாங்க, மீன் பேரை வச்சே. அதுக்கு நெருங்கின சொந்தக்கார பாக்டீரியா ஒண்ணு இருக்கு, இப்ப அதுக்குள்ளயே ஒரு துணை இனமாச் சேர்த்திருக்காங்க. அதோட பேர் மண்டபமென்சிஸ். ஆமா, நம்ம மண்டபம்தான். ஜப்பான் ஓகினாவா பவளப்பாறைல இருக்கிற ஒரு குட்டி மீனோட வயித்துலயும் அதே மண்டபமென்சிஸ்தான் எரியுது.

இதை அம்மாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், “எங்க ஊருக்கு பஸ்ஸே ஒழுங்கா வராது” அப்படின்னாங்க.

ஊர்ப் பேரைச் சொல்றப்ப இன்னொண்ணும் சொல்லணும். திருப்பூர்ல நாங்க மூணு லைன் வீடு மாறியிருக்கோம். ரெண்டு இடத்துல காரணம் கருவாடு. வீட்டுக்கார அம்மா ரொம்ப மரியாதையாத்தான் சொல்லுவாங்க, “அம்மிணி, கறி மீன் எது வேணா ஆக்கிக்குங்க, இந்தக் கருவாடு மட்டும் வேண்டாமுங்க, மத்த வீட்டுக்காரங்க கொற சொல்றாங்க.” அந்த மத்த வீட்டுக்காரங்க யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. அம்மா சண்டை போடல. மழை நாளாப் பார்த்து வறுப்பாங்க, வாசம் அடங்கிடுமாம். வீட்டுக்காரங்க கல்யாணத்துக்குப் போற தேதியைத் தெரிஞ்சு வச்சுப்பாங்க. ஒரே ஒரு வீட்ல மட்டும் பிரச்சினையே வரல. அங்க பக்கத்துச் சுவர் பிரின்டிங் பட்டறை. நாள் பூரா கெரசின் வாடை தெருவையே தூக்கும். அந்த வாடைக்குச் சமமா எங்க கருவாடு வாடையும் கலந்துச்சுன்னா எவன் கண்டுபிடிக்கிறது. ஹேஸ்டிங்ஸ் கட்டுரையை அம்மா படிச்சிருக்க வேண்டிய அவசியமே இல்லன்னு எனக்கு அப்பப்ப தோணும்.

கடல்ல நிலைமை என்னன்னா, காரலுக்கு மரியாதை அங்கயும் கம்மிதான். இழுவை மடி போடுற விசைப்படகுல பெரிய மீன், இறால் முதல்ல ஐஸ் பெட்டிக்குப் போகும். சின்னக் காரல் நிறைய மாட்டும், இடமும் ஐஸும் மிச்சம் இருந்தா அதுக்கு வாய்ப்பு. இல்லன்னா மொத்தமா அள்ளி, கழிவு மீன்னு ஒரு கணக்குல சேர்த்து, மீன்தூளுக்குப் போகும். மீன்தூள் இறால் பண்ணைத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். பல்லடம் பக்கம் இருக்கிறவங்களுக்கு கோழித் தீவனத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவு மீன்னு எழுதுற ரிப்போர்ட்டை எல்லாம் நான் குறை சொல்லல, அவங்க கணக்கு அவங்களுக்கு. ஆனா காரலைக் குழம்பு வைக்கிறவங்க, பிள்ளை பெத்தவளுக்குன்னு தேடி வாங்கிக் குடுக்கிற எங்க அம்மாச்சி மாதிரி ஆளுங்க எல்லாம் அந்தக் கணக்குல எந்தக் கட்டத்துல வர்றாங்க? கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அந்த ரெண்டு மாசம் முடியுற நேரத்துல தென்னம்பாளையத்துல காரக் கருவாடு விலை ஏறியிருக்கும். அம்மா அப்பவும் வாங்குவாங்க, கால் கிலோ குறைச்சு.

விளக்கைக் கண்ணால பார்க்கணும்னு எனக்கும் தம்பிக்கும் ஆசை. கருவாட்டுல வாய்ப்பே இல்ல. உப்புலயும் வெயில்லயும் பாக்டீரியா என்னிக்கோ செத்திருக்கும். ஆனா மோதிரம் இருந்த இடம் இருக்கும், ஏன்னா இத்தனூண்டு மீனை யாரும் குடல் எடுத்துக் காயப் போடுறதில்ல, முழுசாத்தான் மணல்ல விரிக்கிறாங்க. அம்மா வறுக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா எடுத்துத் தலையையும் வயித்தையும் சேர்த்துக் கிள்ளி வெளிய போடுவாங்க. வாசல்ல ஒரு பூனை உக்காந்திருக்கும். 1928-லேர்ந்து உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணின அந்த உறுப்பு வாரா வாரம் எங்க வீட்லேர்ந்து பூனைக்குப் போயிட்டிருக்கு.

அதனால ஐஸ்ல வந்த பச்சைக் காரல் அரைக்கிலோ வாங்கினோம். பாத்ரூம் லைட்டை அணைச்சு, கதவிடுக்குல துண்டைச் சொருகி, இருட்டுக்குக் கண்ணு பழகப் பத்து நிமிஷம் உக்காந்தோம். தொடுறதை வச்சே கத்திரியால வயித்தைக் கீறினேன். ஒண்ணும் தெரியல. இன்னொண்ணு. அதுலயும் இல்ல. தம்பி தனக்கு நீலமா ஒரு பொட்டு தெரியுதுன்னு சத்தியம் பண்ணினான், அவன் சத்தியத்துக்கு வீட்ல மதிப்பு கிடையாது. கடல்லேர்ந்து திருப்பூர் வர்றதுக்குள்ள எத்தனை நாள் ஐஸ்ல கிடந்ததோ. மீன் செத்தா ரத்தம் நிக்கும், ரத்தம் நின்னா உள்ள ஆக்சிஜன் வராது, ஆக்சிஜன் இல்லாம அந்த ஒளி எரியாது. வெளிய அம்மா, பாத்ரூம்ல மீன் அறுக்கிற ஜென்மங்களை இப்பத்தான் பார்க்கிறேன்னு கத்திக்கிட்டு இருந்தாங்க.

அன்னிக்கே அம்மாச்சிக்கு போன் போட்டேன். காரலுக்குள்ள வெளிச்சம் பார்த்திருக்கீங்களான்னு கேட்டேன்.

“வெளிச்சமா? கரைவலை இழுத்துட்டு வர்றப்போ விடியாத நேரத்துல கூடைக்குள்ள மினுமினுங்கும். அது கவர் தண்ணின்னு நெனச்சுக்குவோம்.”

“அது மீனுக்குள்ளேர்ந்து வருது அம்மாச்சி.”

“மீனுக்குள்ளேர்ந்தா?” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. “அப்போ குஞ்சுக்கு யாரு ஏத்துறா?”

என் செமினார்ல ஹெச்.ஓ.டி. முதற்கொண்டு யாரும் கேட்காத கேள்வி. நானும் அதுவரைக்கும் அந்தப் பக்கம் யோசிக்கல. தேடினேன். முட்டையில விளக்கு வர்றதில்ல. காரல் குஞ்சு பொரிக்கிறப்ப மோதிரத்துக்குள்ள பாக்டீரியா கிடையாது, இருட்டுதான். பெரிய மீனோட மோதிரத்துல பாக்டீரியா பெருகிக்கிட்டே இருக்கும், மிஞ்சினது நுண்ணிய குழாய் வழியா அதோட உணவுக்குழாய்க்குள்ள போய், கழிவோட கடல்ல கலக்கும். அந்தத் தண்ணிலதான் குஞ்சும் நீந்துது. ஒரு துளி கடல்தண்ணில என்னென்னவோ பாக்டீரியா ஆயிரக்கணக்குல இருக்கும், அத்தனையிலயும் இந்த ஒரு ஜாதிதான் குஞ்சோட மோதிரத்துக்குள்ள குடியேறுது. தாய்தகப்பன் மீன்கிட்டேர்ந்து குஞ்சுக்கு இது போய்ச் சேர்றதை ஜப்பான்ல ஆய்வகத் தொட்டியில வச்சுப் பார்த்து 1999-ல எழுதியிருக்காங்க.

அம்மாச்சிகிட்ட திரும்ப போன் போட்டுச் சொன்னேன். பொங்கல் லீவுல வா, கரைவலை இழுக்கிற அன்னிக்கு விடியக்காலைல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. கத்திரி எடுத்துட்டுப் போகணும். தம்பியையும்.